கங்காவின் நெற்றி

அத்தியாயம் பதினான்கு

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒரு செய்தி பிறந்தால் தவழ்வதில்லை. பிறந்த அன்றே ஓட ஆரம்பித்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிவதற்குள், தமிழ்ப் பள்ளிக்கு மேலதிகாரி வருகிறார், கலாவதி டீச்சரை விசாரிக்க வருகிறார் என்பது ஆறு லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது. ஒண்ணாம் லயத்து இராஜம்மாவுக்கு அதற்கும் முதல் நாளே தெரியும். எப்படித் தெரியும் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கப் போனால் நம் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள்.

விஷயம் இதுதான். கலாவதி மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு டீச்சர். அவள் புருஷன் சேது அதே தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. சேதுவின் தம்பி பாலன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி நாகமணிக்கு நான்கு மாதத்துக்கு முன்னால் தீராத வயிற்று வலி. ஆஸ்பத்திரி மருந்துக்கும் கோயில் எலுமிச்சம்பழத்துக்கும் அசையாத வலி, தஞ்சோங் காராங்கில் ஒரு வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் போயிற்று. வலியோடு சாமி படங்களும் வீட்டை விட்டுப் போயின. பாலன் வாயே திறக்கவில்லை. முருகனை எடுத்து லோரியில் மாட்டிக்கொண்டான்.

அவர்களுடைய ஒரே மகள் கங்கா, பெரியம்மா கலாவதியின் வகுப்பில்தான் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நெற்றியில் திருநீறு வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். நாகமணி இரண்டு தடவை வந்து சொன்னாள், "அக்கா, எங்க பிள்ளைக்கு மட்டும் வேணாம்." இரண்டு தடவையும் கலாவதி சிரித்தாள். "நெத்தியில கொஞ்சம் சாம்பல் இருந்தா ஒன் சாமி கோவிச்சுக்குமா, நாகு?" என்றாள். மூன்றாவது தடவை நாகமணி வரவில்லை. கல்வி இலாகாவுக்குக் கடிதம் போயிற்று.

போன வாரம் அந்தச் சேதி வந்தபோது கலாவதி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே போடவில்லை, அழவில்லை, யாரையும் திட்டவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். பல் பிடுங்குமுன் போடுகிற ஊசி முகம் முழுக்க இறங்கியது போல அன்றிலிருந்து ஒரு மரப்பு. தொட்டால் தெரிகிறது, வலிப்பதுதான் தெரியவில்லை.

குற்றம் என்று தீர்ந்தால் மாற்றல். சுங்கை ஆயர் தாவாருக்கு என்று பேச்சு. அங்கே போனால் வாரக் கடைசியில்தான் வீடு. குழந்தை இல்லாத அந்தக் கிராணி வீட்டில், பள்ளி விட்டதும் மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்காருகிற ஒரே பிள்ளை கங்கா. கடிதம் போன நாளிலிருந்து அவள் வருவதில்லை. கலாவதி இன்னும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள்.

*

காலை ஆறே முக்காலுக்குச் சேது வாசலில் குந்திச் சப்பாத்துக்குக் கறுப்பு மை தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்த சப்பாத்து.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒண்ணும் பேசாத," என்றார்.

"மலாய்ல பேசணுமா?"

"வேணாம். கார்த்திகேசு நம்ம ஆளுதான். தமிழ்ப் பள்ளிங்களுக்கு மேற்பார்வை."

"அவருதான் வர்றாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தேய்த்துக்கொண்டிருந்த துணி ஒரு கணம் நின்றது. "ஆபீசுல பேசிக்கிட்டாங்க," என்றார். மறுபடி தேய்த்தார்.

வேறு சமயமாக இருந்தால் கலாவதி அந்த ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேள்வி கேட்டிருப்பாள். இன்றைக்குக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாள். வழியில் இராஜம்மா குழாயடியில் நின்று, "டீச்சர், தைரியமா இருங்க, மாரியம்மா பாத்துக்குவா," என்றாள். தைரியம் சொல்கிற முகமாக இல்லை. சினிமாவுக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்த முகம்.

பள்ளியில் தலைமையாசிரியர் சின்னையா வாசலிலேயே மடக்கினார். அறுபத்து மூன்று பிள்ளைகள் படிக்கும் பள்ளி. ஒரு பிள்ளை குறைந்தாலும் அவருக்கு இரத்தக் கொதிப்பு ஏறும்.

"டீச்சர், ஒரே வரி. பிள்ளைங்களா கேட்டு வச்சுக்கிட்டாங்க. நீங்களா வைக்கல. ஆச்சா?"

"கங்கா கேக்கலையே சார்."

"யாரு கேட்டா, யாரு கேக்கல, அதையெல்லாம் அவரு எண்ணிக்கிட்டு இருக்கப் போறாரா? நான் தாளுல எழுதியே வச்சிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்லா."

திருநீறு இருந்த மைலோ டின்னையும் அவர் மறைத்துவிட்டிருந்தார். முதலுதவிப் பெட்டிக்குள், மஞ்சள் மருந்துப் புட்டிக்கும் பஞ்சுக்கும் நடுவில். இருபத்து இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மேசை மேல் இருந்த டின். அது இல்லாத மேசையைப் பிள்ளைகள் ஏதோ பல் விழுந்த வாயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அன்றைக்கு வரிசை இல்லை. கலாவதி நேரே கரும்பலகையில் தேதி எழுதினாள்.

ஒன்பது மணிக்கு வெள்ளை டட்சன் கார் வந்து நின்றது. கார்த்திகேசு இறங்கினார். சின்னையாவின் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஊறியது. காரணம், வந்தவரின் நெற்றியில் மூன்று பட்டை திருநீறு, நடுவில் சந்தனம். வருகிற வழியில் கோயிலில் இறங்கிவிட்டு வந்திருக்கிறார்.

"வாங்க சார், வாங்க. வெள்ளிக்கிழமை பாருங்க, நல்ல நாளு," என்று சின்னையா குழைந்தார்.

"எனக்கு எல்லாம் வேலை நாளுதான்," என்றார் கார்த்திகேசு.

*

அலுவலக அறையில் நாற்காலி மூன்று. கலாவதி மூன்றாவதில் உட்கார்ந்தாள். சின்னையா தயாராக வைத்திருந்த தாளை மேசை மேல் தள்ளினார். கார்த்திகேசு அதைப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார்.

"டீச்சர், எத்தன பிள்ளைங்க ஒங்க வகுப்புல?"

"பதினொண்ணு சார்."

"எல்லாருக்கும் வைப்பீங்களா?"

"இல்ல சார். மரியசூசை வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரு இருக்காங்க. அவங்க வேதக்காரங்க. அவங்களுக்கு வைக்க மாட்டேன். ஒதுங்கி நிப்பாங்க."

"அவங்க அப்பா வந்து சொன்னாரா?"

"சொல்ல வேண்டியதில்லையே சார். தெரியுமே."

"சொல்லாம இருந்தவங்களுக்கு வைக்கல. வந்து ரெண்டு தடவ சொன்னவங்க பிள்ளைக்கு வச்சிருக்கீங்க."

சின்னையா இருமினார். கலாவதி மேசை மேலிருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தாள். தாள் பறக்காமல் வைக்கிற குண்டு. உள்ளே ஒரு பூ. இதை இத்தனை வருஷமாக இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

"ஏன் டீச்சர்?"

"அவ எங்க பிள்ளை சார். என் கொழுந்தன் மக. நான் பெரியம்மா. மத்தவங்க வீட்டுப் பிள்ளைன்னா நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

இதைச் சொன்னபோது அவளுக்கு ஒரு நியாயம் சொன்ன நிம்மதிகூட வந்தது. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதை நியாயம் என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட, தலை வாரிவிட, காதைத் திருக யாரிடமாவது சீட்டு வாங்குவார்களா?

சின்னையா சட்டென்று புகுந்தார். "சார், கேக்கிறேன்னு தப்பா நெனக்காதீங்க. ஒங்க நெத்தியிலயும்..."

"இது என் நெத்தி," என்றார் கார்த்திகேசு. குரல் உயரவில்லை. "இந்த நெத்திக்கு நான் பொறுப்பு. நான் விசாரிக்க வந்தது இன்னொரு நெத்தி. பிள்ளையக் கூப்பிடுங்க."

கங்கா வந்தாள். ஒன்பது வயது, இரட்டைச் சடை, நீலக் கவுன். நெற்றி வெறுமனே இருந்தது. பொட்டும் இல்லை. கலாவதி அந்த நெற்றியை அப்போதுதான் சரியாகப் பார்த்தாள். வலது புருவத்துக்கு மேல் அம்மைத் தழும்பு ஒன்று. திருநீறு வைக்கும்போது விரல் அதன் மேல்தான் போகும். விரலுக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"பயப்படாதம்மா," என்றார் கார்த்திகேசு. "போன மாசம் ஒனக்கு இங்க யாரு திருநீறு வச்சா?"

"பெரிய..."

கங்கா பாதியில் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, வலது கையை உள்ளங்கை தெரிய முன்னால் நீட்டினாள்.

"என்னாம்மா, கைய ஏன் நீட்டுற?"

"ஸ்கூல்ல பெரியம்மான்னு சொன்னா ஒரு அடி சார். டீச்சர்னுதான் சொல்லணும்."

கலாவதிதான் அந்தச் சட்டம் போட்டது. மற்றப் பிள்ளைகள் செல்லம் கொடுக்கிறாள் என்று சொல்லிவிடக்கூடாதே என்று, முதல் வாரத்திலேயே போட்ட சட்டம். அடி என்றால் பெரிய அடி இல்லை. அடிக்கோலால் ஒரு தட்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. தோட்டம் பூராவும் சொல்லியிருக்கிறாள், "பள்ளிக்கூட வாசப்படி ஏறிட்டா எனக்குச் சொந்தம் பந்தம் கெடையாது."

"கைய எறக்கும்மா," என்றார் கார்த்திகேசு. "அடி இல்ல. திருநீறு வேணாம்னு நீ சொன்னியா?"

"சொன்னேன் சார். 'சும்மா நில்லுடி'ன்னாங்க."

"அப்புறம் என்னா செஞ்ச?"

"குழாய்ல கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஒரு நாளு புருவத்துல ஒட்டிக்கிட்டிருந்துச்சு. அம்மா பாத்துட்டாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள், "அடிக்கல சார். அழுதாங்க."

பிள்ளையை அனுப்பிவிட்டார்கள்.

கார்த்திகேசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், பெரியம்மான்னு கூப்பிடக் கூடாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டிருக்கீங்க. நல்ல சட்டம். அப்ப வச்சது யாரு?"

கலாவதி வாய் திறந்தாள். நாக்கு தடித்துப்போய்க் கிடந்தது.

"டீச்சர்தான் சார்," என்றாள்.

சின்னையா தன் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு வரி இனி யாருக்கும் உதவாது.

"நான் இதை இப்படியே எழுதிக்கறேன்," என்றார் கார்த்திகேசு. "திங்கக்கிழமைக்குள்ள நீங்க மலாய்ல ஒரு விளக்கக் கடிதம் குடுக்கணும். அதப் பாத்துட்டுத்தான் மேல முடிவு செய்வாங்க. புகாரையும் நீங்க பாக்கலாம். ஒங்களுக்கு அந்த உரிமை இருக்கு." ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார். "இத்தன வருஷத்துல இப்படி ஒரு புகார் நான் பாத்ததில்ல. டீச்சர் நல்லவங்க, பிள்ளைங்க மேல பாசம் உள்ளவங்கன்னு பாதிக் கடிதம் போவுது. புகழ்ந்து எழுதின புகார்."

கீழே நாகமணியின் கோணல் கையெழுத்து. மேலே முழுவதும் வேறு கை. உருண்டை உருண்டையான மலாய் எழுத்து. இடப் பக்கம் பென்சிலால் ஓரக்கோடு போட்டு, எழுதி முடித்தபின் ரப்பரால் அழித்திருந்தது. கடைசி இரண்டு அங்குலம் மட்டும் அழியாமல் நின்றது.

கலாவதி அந்த இரண்டு அங்குலத்தைப் பார்த்தாள்.

பதினோரு வருஷமாகப் பார்க்கிற இரண்டு அங்குலம். அவளுடைய விடுப்புக் கடிதம் ஒவ்வொன்றிலும் அது உண்டு. தோட்டத்தில் யாருக்கு அடையாளக் கார்டு தொலைந்தாலும், யார் வீட்டுக்கு மண்ணெண்ணெய் வராவிட்டாலும், யார் மகனுக்கு வேலை கேட்டாலும், சின்னக் கிராணி வீட்டு மேசையில்தான் கடிதம் எழுதப்படும். ஓரக்கோடு போடுவார், எழுதுவார், அழிப்பார். அழிக்கும்போது கடைசியில் பொறுமை போய்விடும்.

"பாத்துட்டேன் சார்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

*

மத்தியானம் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தாள். சேது சாப்பாட்டுக்கு வந்து மேசையருகே உட்கார்ந்திருந்தார். எதிரே எழுதாத தாள் ஒன்று, அடிக்கோல், பென்சில். ஓரக்கோடு போட்டாகிவிட்டது.

"விளக்கக் கடிதம் கேட்டிருப்பாங்களே," என்றார். "என்னா எழுதணும்னு சொல்லு."

கலாவதி குடையை ஆணியில் மாட்டினாள். "அந்தக் கடிதத்துலயும் கடைசி ரெண்டு அங்குலம் அழியல," என்றாள்.

சேது அடிக்கோலை எடுத்தார். நேராக இருந்ததை இன்னும் நேராக வைத்தார்.

"நாகமணி வந்து கேட்டா," என்றார். "இந்த வாசல்ல வந்து கேட்டவங்களுக்கு இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? நான் எழுதாட்டி அவ கோலா சிலாங்கூர்ல போயி வேற யார்கிட்டயாச்சும் எழுதி வாங்குவா. அவன் என்னா எழுதுவானோ. நான்னா பாத்து எழுதுவேன். நல்லவங்கன்னு போட்டேன். பாசம் உள்ளவங்கன்னு போட்டேன்."

"ஆமா. சார்கூட அத சொன்னாரு."

"எங்கிட்டயும் அவ சொன்னா கலா. தூங்குறப்ப பிள்ளை நெத்தியத் தேச்சுத் தேச்சுத் துடைக்குதாம். அது பொய்யின்னு எழுத எனக்குக் கை வரல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கை வந்திருக்கலாம்."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கத்த வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. அடுத்த வீட்டில் இராஜம்மா எதற்கோ வந்து, எதற்கோ சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். பாவம், அவள் காதுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கலாவதி அடுப்படிக்குப் போய் இரசத்தைச் சூடு பண்ணினாள்.

அப்போதுதான் வாசலில் ரப்பர் பூட்ஸ் சத்தம் கேட்டது. புல்வெட்டு வேலை முடிந்து நேராக வந்திருந்தாள் நாகமணி. தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் கங்கா.

"மாமா, இன்னொரு சூராட் எழுதணும்," என்றாள் படியில் நின்றபடியே. "பிள்ளைய மலாய்ப் பள்ளிக்கு மாத்திக் கேக்கணும். திங்கக்கெழம குடுத்தா அடுத்த தவணைக்குச் சேத்துக்குவாங்களாம்."

"ஒன் புருஷன் என்னா சொல்றான்?"

"அவரு என்னைக்கு என்னா சொல்லியிருக்காரு மாமா."

உள்ளேயிருந்து கலாவதி வந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இராஜம்மா சுவரோடு சுவராகிவிட்டாள்.

"ஒங்க மேல கோவம் இல்லக்கா," என்றாள் நாகமணி. "சத்தியமா இல்ல. மாமாகிட்ட நல்லாத்தான் எழுதச் சொன்னேன்."

"தெரியும். படிச்சேன்."

"வேற யாராச்சும் டீச்சரா இருந்தா மூணாவது தடவையும் வந்து சொல்லியிருப்பேன். நீங்க சிரிச்சீங்கக்கா. அதான்."

கலாவதி தலையாட்டினாள். சிரித்தது உண்மைதான். இப்போது அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் இருந்து வந்தது என்றுகூட நினைவில்லை.

"சோறு இருக்கு," என்றாள். "பிள்ளை சாப்பிடட்டும்."

நாகமணி மகளின் கையை விட்டாள். கங்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். எப்போதும் உட்காருகிற இடத்துக்குப் போனாள், உட்காராமல் நின்றாள்.

"டீச்சர், கை கழுவணுமா?"

சேதுவின் பென்சில் நின்றது. நாகமணி, "அடியே, இது வீடுடி," என்று சொல்ல வாயெடுத்து, பாதியில் விட்டாள். கங்கா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளங்கையை மெல்ல நீட்டினாள்.

கலாவதி அந்தக் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. துண்டால் துடைத்துவிட்டாள். சோறு போட்டு, இரசம் ஊற்றி, அப்பளத்தை நொறுக்கி ஓரத்தில் வைத்தாள். பிள்ளை தலை குனிந்து சாப்பிட்டது.

மேசை மேல் இப்போது இரண்டு தாள்கள், பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் ஒரே ஓரக்கோடு. சேது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் பார்த்தார்.

"எத மொதல்ல எழுதட்டும்?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில் சொன்னார், "மாத்தற கடிதத்துல வகுப்பு டீச்சர் கையெழுத்து இல்லாட்டி எடுக்க மாட்டாங்க."

நாகமணிக்கு இது தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கலாவதி இரசக் கரண்டியோடு நின்றாள். ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அதைக் காலால் துடைத்தாள்.

"அவளோடத மொதல்ல எழுதுங்க," என்றாள். "அவ வேலக் காட்டுலேருந்து வந்து நிக்கிறா. என் கடிதத்துக்குத் திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. அதுவரைக்கும் நான்தான் டீச்சர்."

கையெழுத்துப் போடுவதாகவும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கங்காவின் தட்டில் இன்னொரு கரண்டி இரசம் ஊற்றினாள்.